அக்கா வீட்டில் கை நனைத்த தீபாவளி

1

போன மாதம் எங்கள் யார்டில் ஓணச் சாப்பாடு போட்டார்கள். மேனேஜர் மலையாளி. ஒவ்வொரு வருஷமும் அவர் செலவில் போடுவார். தண்ணீர் லாரி ஓட்டுகிற நாங்கள் எல்லாரும் பாய் விரித்து வரிசையாக உட்கார்ந்தோம். இலை போட்டார்கள். நான் என் தூக்குவாளியைத் திறந்து இலையில் கொட்டினேன். குதிரைவாலிச் சோறு, பருப்பு, வறுத்த மீன்.

பக்கத்தில் உட்கார்ந்தவர் புதிதாக வந்த டிரைவர். பாலவனத்தத்துக்காரர்.

"என்னண்ணே, நல்ல நாளும் அதுவுமா வீட்டுச் சோத்தக் கொண்டாந்து கொட்டுறீக?"

"வயிறு சரியில்ல."

அவர் குரலை இறக்கினார். "மேனேஜரோட எதுவும் சண்டையா?"

நான் சிரிக்கவில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஆள் அப்படித்தான் கேட்பார். எங்கள் ஊர்களில் ஒரு வீட்டுக்குப் போய்க் கை நனைக்காமல் எழுந்தால் அந்த வீட்டோடு பேச்சு அறுந்தது என்று அர்த்தம். யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "வயிறு சரியில்ல" என்பார்கள். கேட்டவர்களுக்குப் புரிந்துவிடும்.

எனக்கு நிஜமாகவே வயிறு சரியில்லை. என் கதை இவ்வளவுதான். ஏழாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

2

ஓமனுக்கு வந்து வெகுகாலமாகிறது. முதலில் தனியாக இருந்தேன். பிறகு மனைவி செல்வியையும் மகள் தர்ஷினியையும் கூப்பிட்டுக்கொண்டேன். அவர்கள் வந்த பிறகும் வேலை நாளில் சாப்பாடு கம்பெனி மெஸ்ஸில்தான். காலையில் குப்பூஸ் ரொட்டி, இரவில் சப்பாத்தி. எல்லாம் கோதுமை. ஊரில் கம்பும் குதிரைவாலியும் தின்று வளர்ந்த உடம்பு. தினம் தினம் கோதுமை தின்றது இங்கே வந்துதான்.

உடம்பு இறங்கிக்கொண்டே போனது. பேண்ட் நிற்கவில்லை. ஒரு நாள் லாரிக்குத் தண்ணீர் பிடிக்கும்போது குழாயைப் பிடித்தபடி சரிந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் இங்கிலீஷில் சொன்னார். தர்ஷினிதான் எனக்குச் சொன்னாள். அப்போது சின்னப் பிள்ளை. குடல் என்ற வார்த்தை அவளுக்கு வரவில்லை.

"அப்பா, உங்க உள்ள ஒரு பைப் இருக்குல்ல, அதுல முடி மாதிரி இருக்குமாம். சாப்பாட்ட அதுதான் இழுக்குமாம். உங்களுக்கு எல்லாம் உதிர்ந்திருச்சாம்."

"எதனால?"

"கோதுமை பட்டா உதிருமாம்."

"மருந்து?"

"மருந்து இல்லையாம். கோதுமையே கூடாதாம். கொஞ்சம்கூட. சாகிற வரைக்கும்."

சாகிற வரைக்கும் என்பதை அவள் தமிழில் சரியாகச் சொன்னாள்.

டாக்டர் எழுதிய காகிதத்தை ஆபீசில் கொடுத்தேன். மெஸ்ஸில் எனக்கு மட்டும் இரண்டு வேளையும் சோறு கேட்டேன். அரபியில் எழுதி வாங்கி வா என்றார்கள். வாங்கிப் போனேன். ஆஸ்பத்திரி முத்திரை இல்லை என்றார்கள். முத்திரை வாங்கிப் போனேன். காய்ச்சல், எலும்பு முறிவு என்றால் செய்யலாம், சாப்பாட்டை நோய் என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து தூக்குவாளி.

நோய்க்காரன் சோறு என்றால் கஞ்சி என்று ஊரில் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இங்கே எங்கள் வீட்டுத் தீபாவளிக்கு ஒரு குறையும் கிடையாது. செல்வி முறுக்குக்கு அரிசியையும் உளுந்தையும் வீட்டு மிக்சியில்தான் அரைப்பாள். கடலைப்பருப்பையும் அப்படியே. கடை மாவு வீட்டுக்குள் வராது. பெருங்காயத்தை நிறுத்திவிட்டாள். டப்பாப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்க்கிறார்கள் என்று தர்ஷினி படித்துச் சொன்னாள். அதற்குப் பதில் பூண்டும் சீரகமும் கூடுதலாகப் போடுகிறாள். ஆட்டுக்கறி, இட்லி, கருப்பட்டி போட்ட குதிரைவாலிப் பாயசம். வயிறு நிறையச் சாப்பிடுகிறேன். உடம்பும் தேறியது.

என் வீட்டில் நான் நோயாளி இல்லை. பிறத்தியார் வீட்டில்தான் நோயாளி.

3

எனக்குக் கூடப் பிறந்தது ஒரே அக்கா. நரிக்குடிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. நோய் தெரிந்து முதல் தடவை ஊருக்குப் போனபோது அக்கா வீட்டில் புது வீட்டுப் பால்காய்ச்சு. பந்தலில் பூரி, கேசரி, சேமியாப் பாயசம். மச்சான் என் கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்கார வைத்தார்.

"வேண்டாம் மச்சான். வயிறு சரியில்ல."

அந்த வார்த்தைக்கு ஊரில் இருக்கிற அர்த்தம் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. மச்சான் கையை விட்டுவிட்டார். பந்தியில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அப்படியா மாப்ள? எங்க வீட்டுச் சோத்தப் பார்த்ததும் சரியில்லாமப் போச்சா?"

"கோதுமை ஒத்துக்கிறாது மச்சான். டாக்டர் சொல்லியிருக்காரு."

"ரேஷன் கோதுமையக் கஞ்சி காச்சிக் குடிச்சவன்தானடா நீயும்? ஓமான் போனதும் ஒத்துக்கிறலயோ?"

பக்கத்தில் இருந்த ஒருவர், "வெளிநாட்டுக் குடலுப்பா அது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை.

என் வீட்டில் கை நனைக்காதவன் வீட்டு வாசலை இனி நீ மிதிக்கக் கூடாது என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். அவரும் கெட்டவர் இல்லை. சொன்ன சொல்லை மாற்றாத ஆள். அக்காவும் மீறவில்லை.

பிறகு எங்கள் அம்மா செத்துப்போனது. நான் வந்து சேர்ந்த பிறகுதான் எடுத்தோம். அக்கா வந்து அழுதாள். கருமாதியன்றும் வந்தாள். பந்தலுக்குள்ளேயே நின்றாள். படி ஏறவில்லை. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். செல்வி சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினாள். அக்கா அதை வாங்கி முகத்தில் அடித்துக் கழுவிக்கொண்டாள். குடிக்கவில்லை.

பெற்ற வீட்டில் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல் அவள் போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

4

போன வருஷம் தீபாவளிக்கு முன்பு மச்சானே போன் செய்தார்.

"மாப்ள, ஒங்க அக்கா தெனம் அழுகிறா. நானும் எத்தன வருஷம்தான் வீம்பு பிடிக்கிறது. தீபாவளிக்கு வந்து எங்க வீட்டுல கை நனை. மறுநா நாங்க ஒங்க வீட்டுக்கு வாரோம். நனைக்கலைன்னா இத்தோட விட்ருவோம். அப்புறம் என்னக் கொற சொல்லப்படாது."

"வாரேன் மச்சான்."

அதன் பிறகு அக்கா போனுக்கு மேல் போன்.

"என்னென்னடா ஆகாது? வரிசையாச் சொல்லு."

"கோதுமை, மைதா, ரவை, சேமியா. பெருங்காயம்."

"பெருங்காயத்துல எங்குட்டுடா வந்துச்சு கோதுமை?"

"டப்பாவத் திருப்பி யாரையாவது படிக்கச் சொல்லு."

மறுநாள் கூப்பிட்டாள். "ஆமாடா, போட்டிருக்கானாம்டா! படுபாவிப் பயலுக." பிறகு கேட்டாள்: "இடியாப்பம் ஆகும்ல? அரிசி மாவுதான?"

"ஆகும்க்கா."

"அப்ப இடியாப்பமும் கறியும்தான். நீ பேசாம வா. நான் பாத்துக்கிறேன்."

தர்ஷினிக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. பதினோராம் வகுப்பு. ஸ்கூலில் இந்தியும் இங்கிலீஷும். தமிழ் எங்களோடு பேசுகிற அளவுக்குத்தான். "ஒரு டிபன் பாக்ஸ் கொண்டுபோய் அங்க உக்காந்து சாப்பிட்டா என்னப்பா? அத்தைக்குத் தெரியும்ல, உங்களுக்கு நோயின்னு?" என்று கேட்டாள். அத்தைக்குத் தெரிவது வேறு, இலையில் கை வைப்பது வேறு என்றேன். அவளுக்குப் புரியும்படி சொல்ல எனக்கு வரவில்லை.

5

முந்தின நாளே ஊருக்கு வந்துவிட்டோம். தீபாவளியன்று காலையில் மூன்று பேரும் அக்கா வீட்டுக்குப் போனோம். மழை பெய்து கண்மாயில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. மச்சான் வேட்டி எடுத்துக் கொடுத்தார். அவருடைய பங்காளிகள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் சாப்பிடுவதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. யாரும் சொல்லவில்லை.

மச்சானும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அக்கா இடியாப்பம் வைத்தாள். கறிக்குழம்பை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே பேசினாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து நாளாகியிருந்தது.

"எல்லாம் புதுசு தம்பி. சட்டி புதுசு. இடியாப்ப உழக்கு புதுசு. பழசுல எப்பவாச்சும் கோதுமை மாவு பிழிஞ்சிருப்பேனோன்னு தூக்கிப் போட்டுட்டேன். பெருங்காயம் அடுப்படிப் பக்கமே வரல. மசாலாவ அம்மியில அரைச்சேன்."

"இவ பண்ணுன கூத்துல வீட்டுல நாலு நாளா எனக்குச் சோறு இல்ல மாப்ள" என்றார் மச்சான்.

"சும்மா இருங்க. மாவுக்குத்தான் ரெம்ப அலைஞ்சேன். நரிக்குடி மில்லுல தீபாவளிக் கூட்டம். எனக்கு முன்னாடி ஒருத்தி மொளகாய வச்சிக்கிட்டு நிக்கிறா. அதுக்குப் பின்னாடி போட்டா இடியாப்பம் காந்திரும்ல? நான் விடல. அதுக்கும் முந்தி ரேஷன் கோதுமை ஓடிக்கிட்டிருந்துச்சு. அது முடிஞ்சதும் என்னயப் போடச் சொல்லி மில்லுக்காரர்கிட்டச் சண்ட போட்டு அரைச்சிட்டு வந்தேன். துளி காரம் இல்ல பாரு."

என் கை இலைக்கு மேலே இருந்தது.

எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் இது பழக்கம். மில்லில் தனக்கு முன்னால் மிளகாய் போகிறதா, சீயக்காய் போகிறதா என்றுதான் பார்ப்பார்கள். கோதுமைக்குப் பின்னால் அரிசி போடுவதை யாரும் கலப்பு என்று நினைப்பதில்லை. மாவோடு மாவு. மில்லுக்குள் ஒட்டிக்கிடந்த கோதுமை முழுக்க அக்காவின் அரிசியோடு வந்திருக்கும். வரிசையாகச் சொல்லச் சொன்னாளே, அப்போது மில்லு எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

செல்வி என்னைப் பார்த்தாள். தர்ஷினி என் பின்னால் குனிந்து மெதுவாக, "அப்பா, வேணாம்" என்றாள்.

"என்னாத்தா வேணாங்கிற?" என்று மச்சான் கேட்டார். "கறியா?"

நான் தர்ஷினியைப் பார்த்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சொல்லியிருக்கலாம். சொன்னால், நாலு நாள் பாடுபட்டவள் புருஷன் முன்னாலும் பங்காளிகள் முன்னாலும் கரண்டியோடு நிற்பாள். போன தடவை கேசரி, இந்தத் தடவை மில்லா என்று மச்சான் கேட்பார். அவ்வளவுதான், முடிந்தது. அக்கா மறுநாள் வர மாட்டாள். அதற்குப் பிறகும் வர மாட்டாள்.

இடியாப்பத்தைப் பிட்டு வாயில் வைத்தேன்.

நன்றாக இருந்தது. பூப்போல இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

"இன்னும் ரெண்டு வை" என்றார் மச்சான். வைத்தாள். சாப்பிட்டேன். பங்காளிகளில் மூத்தவர், "நல்லாத் திங்கிறானப்பா, நோயின்னீக?" என்றார். இலையை வழித்துவிட்டுத்தான் எழுந்தேன். கை கழுவ அக்காவே தண்ணீர் ஊற்றினாள்.

திரும்பி வரும்போது திருச்சுழியில் பஸ் மாறுவதற்குள் ஆரம்பித்துவிட்டது.

6

மறுநாள் காலையில் அக்காவும் மச்சானும் வண்டியில் வருவதாகப் பேச்சு. வயிற்றுக்குள் துணியைப் பிழிகிற மாதிரி இருந்தது. தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்தது. கொல்லைக்கும் பாய்க்குமாக நடந்து கால் ஓய்ந்துபோனது.

"வரச் சொல்ல வேணாம். இன்னொரு நாள் வரட்டும்" என்றாள் செல்வி.

"கறி எடுத்துட்டு வா" என்றேன்.

வீட்டுக்காரன் படுத்துக்கிடந்தால் அதற்கும் ஒரு அர்த்தம் சொல்லிவிடுவார்கள். குளித்தேன். மச்சான் கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். தர்ஷினி எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தைகிட்ட நான் சொல்லப்போறேன்."

"சொல்லக் கூடாது."

"உங்களுக்கு என்ன ஆகுதுன்னு அவங்களுக்குத் தெரியணும்ல? தெரியாம எப்படிப்பா பாசம்?"

அதற்குள் வண்டிச் சத்தம் கேட்டது.

அக்கா படி ஏறி உள்ளே வந்தாள். அம்மா இருந்த அறையை எட்டிப் பார்த்தாள். அடுக்களைக்குப் போனாள். செல்வியைத் தள்ளிவிட்டுத் தானே குழம்பைக் கிண்டினாள். "உப்பு பத்தல, நீ எப்பவும் இப்படித்தான்" என்று வைதாள். செல்வி சிரித்தாள். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இலை போட்டோம். மச்சானும் அக்காவும் உட்கார்ந்தார்கள். நான் பரிமாற எழுந்தேன். சோற்றை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனேன். வந்து குழம்பு ஊற்றினேன். மறுபடி போனேன். மூன்றாவது தடவை திரும்பி வந்தபோது மச்சான் பார்த்துவிட்டார்.

"என்ன மாப்ள, எங்க வீட்டுச் சோறு கலக்கிருச்சா?"

கேலிக்குத்தான் கேட்டார். அக்காவின் கை சோற்றில் அப்படியே நின்றுபோனது.

"தம்பி, மூஞ்சி ஏண்டா இப்படிக் கெடக்கு? நான் செஞ்சதுல எதுவும் பட்ருச்சா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. நம்ம அம்மா மேல சத்தியமாச் சொல்லு."

நான் நிலையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா மேல் சத்தியம் செய்ய நாக்கு வரவில்லை. அக்கா இலையை விட்டு எழப்போனாள்.

தர்ஷினிதான் பேசினாள்.

"அத்தை, என்னாலதான். நேத்து திருச்சுழி பஸ் ஸ்டாண்டுல நான் பப்ஸ் வாங்கினேன். பாதிக்கு மேல பிடிக்கல. அப்பா வேஸ்ட் ஆகும்னு சாப்பிட்டாரு."

அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பப்ஸ் மைதா என்று அக்காவுக்குத் தெரியும். நான்தானே சொல்லிக்கொடுத்திருந்தேன்.

"ஏண்டி, கூறு இருக்கா ஒனக்கு?" அக்கா கத்திவிட்டாள். "அப்பன் வயிறு தெரிஞ்சும் கையில குடுப்பியா? நான் அங்கிட்டு சட்டி பானையெல்லாம் மாத்திப் பண்ணுறேன், நீ பப்ஸு வாங்கித் திங்கக் குடுக்கிற. வெளிநாட்டுல படிச்சு என்னத்தக் கிழிச்ச?"

"சாரி அத்தை."

"நல்ல நாளுல புள்ளய வையாத. அவன் வாயக் கட்டாததுக்கு அது என்ன செய்யும்?" என்றார் மச்சான்.

தர்ஷினி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அக்கா இன்னும் கொஞ்ச நேரம் வைதாள். வைது முடித்ததும் பெருமூச்சு விட்டாள். சோற்றைப் பிசைந்தாள். சாப்பிட்டாள். போதும் என்று சொல்லவில்லை. தானே எழுந்து அடுக்களைக்குப் போய்ச் சட்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் கறி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

நான் மறுபடியும் கொல்லைக்குப் போனேன்.

7

ஓமன் திரும்பிய பிறகும் சரியாகவில்லை. டாக்டர் கோபித்துக்கொண்டார். குடலில் முளைத்திருந்ததில் கொஞ்சம் திரும்ப உதிர்ந்துவிட்டதாம். வெகுநாள் லாரி ஓட்டவில்லை. ஆபீசில் மறுபடியும் காகிதம், முத்திரை. தர்ஷினி ஆஸ்பத்திரிக்குக் கூட வருவாள். டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வாள். குடல் என்று இப்போது சரியாகச் சொல்கிறாள். வேறு எதுவும் என்னோடு அதிகம் பேசுவதில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

அக்கா இப்போது வாரத்துக்கு ஒரு தடவை எங்கள் ஊருக்குப் போய் வீட்டைத் திறந்து கூட்டிப் பெருக்கி விளக்கேற்றி வருகிறாள். மச்சான் கொண்டுபோய் விடுகிறார்.

போன வாரம் கூப்பிட்டாள். போனைச் சத்தமாக வைத்திருந்தேன். செல்வியும் தர்ஷினியும் பக்கத்தில் இருந்தார்கள்.

"தம்பி, தீபாவளிக்கு வாரியா இல்லையா? ஒங்க மச்சான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. ஓமான் டாக்டரால ஆகல, எங்க வீட்டு இடியாப்பம் அவனுக்கு ஒத்துக்கிருச்சுன்னு. டீக்கடையில போயிச் சொல்லியிருக்காருடா. எனக்கு வெக்கமா இருக்கு."

வெட்கப்படுகிற குரல் இல்லை அது.

"அக்கா," என்றேன். "இந்தத் தடவ மாவு வேணாம். வெறும் சோறு போதும்."

"ஏண்டா? போன தடவ மாதிரியே அரைக்கிறேன். அதே மில்லு. நானே நின்னு பாத்து அரைப்பேன். போன தடவ எங்கிட்டத் தின்னது ஒனக்கு ஒண்ணும் பண்ணலைல்ல?"

மில்லைப் பற்றிச் சொன்னால் போன வருஷத்தையும் சேர்த்துச் சொன்ன மாதிரிதான். அக்கா படிக்காதவள், ஆனால் கணக்குப் போடத் தெரிந்தவள். அடுத்த நொடியே புரிந்துகொள்வாள். அதற்கப்புறம் தன் கையால் எனக்கு ஒரு வாய் சோறு போட மாட்டாள். யாருக்கும் போட மாட்டாள்.

செல்வி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பண்ணலக்கா. வாரேன்."

"புள்ளயக் கூட்டியாந்துரு. அன்னிக்கு ரெம்ப வைஞ்சிட்டேன். மனசே கேக்கல. அவளுக்குப் பாவாட தாவணி எடுத்து வச்சிருக்கேன்னு சொல்லு."

தர்ஷினி எழுந்துவிட்டாள். என்னைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினாள். ஒரு தடவைதான் ஆட்டினாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"என்னடா சத்தத்தக் காணோம்?"

"அவளுக்குப் பரீட்சை இருக்குக்கா."

"தீபாவளியன்னிக்கு என்னடா பரீட்சை?"

"இங்க அப்படித்தான்க்கா" என்றேன்.